மூலையறைக்கு வந்த புள்ளி

இயற்பியலில் வெப்பம் பரவுவதைப் படித்தவள், தீப்பிடித்த கட்டடத்திலிருந்து மனிதர்கள் எப்படி வெளியேறுவார்கள் என்று கணினியில் கணக்கிடும் வேலைக்கு வந்து சேர்ந்திருந்தாள். திரையில் ஆளுக்கொரு புள்ளி. ஒருநாள் சொந்த அலுவலகத்தையே கணக்கில் போட்டுப் பார்த்தாள். எல்லாப் புள்ளிகளும் வாசலுக்கு ஓட, ஒன்று மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாலாம் மாடி மூலையறைக்கு வந்தது. அது அவளுடைய அறை. எவ்வளவு துருவியும் பிழை அகப்படவில்லை.

"பேசாம அழிச்சிடுங்களேன்" என்றான் கூட வேலை செய்பவன், அறை வாசலில் நின்றபடியே.

"இருந்துட்டுப் போகட்டும்."

அந்த அறைக்குள் வேறு யாரும் வந்ததில்லை.

மறுவாரம் தீ ஒத்திகைக்கு மணி அடித்தது. எல்லோரும் தடதடவென்று படியிறங்கினார்கள். அவளைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை. சந்தடி அடங்கிய நடைவழியில் ஒரே ஒருவரின் காலடிச் சத்தம் அவசரமில்லாமல் நெருங்கி வந்தது. அவள் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.