பொரி விழும் நேரம்

அந்தக் கோயில் குளத்து மீன்கள் ஓட்டுப் போடும் முறை எளிது. தலைவர் கேட்பதற்குச் சம்மதம் என்றால் தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் இறுக மூடிக்கொள்ள வேண்டும். பாசியைச் சுரண்டித் தின்ற காலத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் சண்டை நடக்கும். தலைவர் விராலால் லேசில் தப்ப முடியாது.

பிறகு கரையில் பொரிக் கடை வந்தது. வருகிறவர்களெல்லாம் வாங்கி வாங்கி இறைத்தார்கள். மீன்கள் கொழுத்தன. கூட்டத்துக்கு வர யாருக்கும் நேரமில்லை.

ஒருநாள் காலையில் கெண்டை மேலே வந்து பார்த்தால், படித்துறையில் கொக்கு நிற்கிறது! அதன் அலகில் கெண்டையின் தங்கச்சி துடித்துக்கொண்டிருந்தது. கொக்கின் கால்களுக்கு நடுவே விராலின் குஞ்சுகளோ பயமே இல்லாமல் விளையாடிக்கொண்டிருந்தன.

கெண்டை பதறியடித்துக்கொண்டு விராலிடம் போனது.

“அண்ணே, கொக்கை யாரு உள்ள விட்டது?”

“நீங்கதாம்மா. கொக்கு இங்க தங்கலாமா, நானே கடைசிவரைக்கும் தலைவரா இருக்கலாமான்னு நேத்து சாயங்காலம் கேட்டேன். குளமே வாயைத் திறந்துச்சு. நீதான் முதல்ல.”

“ஐயோ, அது பொரி விழுந்த நேரம்ணே!”

“அப்பத்தானே எல்லாரும் மேல வர்றீங்க?”

கெண்டை விர்ரென்று மேலே போய், குளத்துக்கே கேட்கும்படி கத்த வாயைத் திறந்தது.

பின்னாலேயே வந்த விரால் நிதானமாகக் கேட்டது: “கொக்கோட சொந்தபந்தமும் இங்கயே வந்து தங்கலாமா?”

திறந்த வாயை மூடக்கூடத் தோன்றாமல் கெண்டை அப்படியே நின்றது.

“இன்னிக்கும் நீதாம்மா முதல்ல” என்றது விரால்.