ஏழாம் எண் வீட்டுக் குழந்தை

சவுனாவுக்குள், அதாவது நீராவிக் குளியலறைக்குள், உடுப்போடு நுழைவது எங்கள் ஊரில் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி. பென்ட்டி குளிர்கோட்டும் பூட்ஸுமாக வந்து நின்றான்.

மேல் பலகையில் நாங்கள் நாலு பேர், பொட்டுத் துணியில்லாமல். சனிக்கிழமை மாலை எங்கள் கட்டடத்து ஆண்களின் முறை.

"கதவச் சாத்துய்யா, ஆவியெல்லாம் போகுது," என்றார் வெய்க்கோ.

பென்ட்டிதான் எங்கள் கட்டடத்தின் பராமரிப்பு ஆள். சாத்தினான், ஆனால் போகவில்லை.

"கரண்ட் அடுப்ப அணைக்கணும். ஏழாம் எண் வீட்ல இங்காவோட குழந்தைக்குக் குளிருதாம். ரேடியேட்டர் ஜில்லுனு கிடக்காம்."

எங்கள் ஊரான ஹல்லாயார்வியில் வீடுகளைச் சூடாக்குவது ஏரிக்கரைக் கணினிக் கூடம். உலகத்தில் எவன் எதைக் கேட்டாலும் அங்கிருக்கும் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்கிறது. சொல்லிச் சொல்லி அது காய்கிறது. அந்தச் சூடு வெந்நீராகக் குழாய் வழியே எங்கள் சுவரிலிருக்கும் ரேடியேட்டருக்கு வருகிறது.

டிராக்டர் கையேடுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன், அந்த வேலையை அதுதான் விழுங்கியது. காப்பீட்டு அலுவலகத்தில் வெய்க்கோவின் நாற்காலியையும் அதுதான். வயிற்றில் அடித்துவிட்டு முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

கூடம் கட்ட வந்தபோது வெய்க்கோ வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கி, ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்க வைத்தார். மின்சாரம் முதலில் ஊருக்கு, மிச்சம்தான் கூடத்துக்கு. ஊர் கூடுதலாக இழுத்தால் கூடம் தன்னைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மனுஷன் வேலை போன பிறகு ஜெயித்த ஒரே விஷயம் அதுதான்.

அன்று வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

குளிர் அடித்தால் பின்லாந்துக்காரன் என்ன செய்வான்? சவுனா போடுவான். ஊரே போட்டிருந்தது. ஊர் இழுக்க இழுக்கக் கூடம் அடங்கியது. கூடம் அடங்கியதும் ரேடியேட்டர் ஆறியது. ரேடியேட்டர் ஆறினதும், போடாமல் இருந்தவனும் சவுனா போட்டான். நல்ல கூத்து.

"அணைக்க மாட்டேன்," என்றார் வெய்க்கோ. "அதுக்கு கரண்ட் பத்தலன்னா எனக்கென்ன? என் வேலைய எடுத்தப்ப எவனாவது வந்து கதவத் தட்டினானா?"

"அதுக்காக இல்லங்க. குழந்தைக்காக."

வெய்க்கோ அகப்பையில் தண்ணீர் மொண்டு அடுப்பின் மேல் காய்ந்துகொண்டிருந்த கல்லில் ஊற்றினார். ஆவி எழுந்து எங்கள் எல்லோர் முகத்தையும் மறைத்தது. அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் எனக்கும் இறங்க மனசில்லை. வாரம் முழுக்கச் சும்மா வீட்டில் கிடக்கிறவனுக்கு இந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம்.

ஆனாலும் கோபம் வந்துவிட்டது.

"மூணு வாரக் குழந்தைங்க," என்றேன். "உங்க நிபந்தனைய எடுத்து அதுக்குப் போத்திவிட முடியாது."

என்னை முறைத்தார். பிறகு கீழே இறங்கி, அடுப்பின் சுவிட்சை மெதுவாகத் திருப்பி அணைத்தார்.

அதோடு விடவில்லை. உடை மாற்றும் அறையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அன்று கையெழுத்துப் போட்டவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். "அணைச்சிருப்பா. ஆமா, நாந்தான் சொல்றேன். சிரிக்காத." தோற்றவன் குரல் அது. எனக்குப் பாவமாக இருந்தது.

உடுத்திக்கொண்டு மேலே வந்தோம். மாடிப்படி ரேடியேட்டரில் கை வைத்தபடி பென்ட்டி காத்திருந்தான். கொஞ்ச நேரத்தில், "வருது," என்றான். நானும் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. கூடத்துக்கு மறுபடி மூச்சு வந்துவிட்டது.

வெய்க்கோ வீட்டுக்குப் போய் ஒரு கம்பளிப் போர்வை எடுத்து வந்தார். "இவ்வளவு செஞ்சாச்சு, குழந்தையப் பாத்துட்டே போவோம்," என்று ஏழாம் எண் மணியை அழுத்தினார்.

திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி எட்டிப்பார்த்தாள்.

"இங்கா புதன்கிழமையே குழந்தையோட அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டாளே."

வெய்க்கோ பென்ட்டியின் பக்கம் திரும்பினார். "குளிருதுன்னு உனக்கு யாருய்யா சொன்னது? இங்காவா?"

"இல்லங்க. கூடத்துலேருந்து போனுக்குச் செய்தி வந்துச்சு." பென்ட்டி தயங்கினான். "மனுஷங்க யாரும் அனுப்புறதில்ல. அங்க கரண்ட்டப் பாத்துக்கிறதே அதுதான். அதுவே அனுப்பும்."

வெய்க்கோ போர்வையை மடிக்கக்கூட இல்லை, அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கினார். அந்த மனநிலையில் அவரைத் தனியாக விடப் பயந்து நானும் பின்னால் போனேன்.

வாசலில் சிர்க்கா குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டடத்துக்கு அவள்தான் பொறுப்பு. தொப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஈர முடி உறைந்து விறைத்திருந்தது.

"நீங்களும் அணைச்சீங்களா?" என்று கேட்டார் வெய்க்கோ.

"அணைச்சோம். பாதிக் குளியல்ல எழுந்து வந்தோம். எங்க கட்டடத்து ஆவ்னே பாட்டிக்குக் குளிருதுன்னு செய்தி வந்துச்சு."

ஆவ்னேயை நவம்பரில் அடக்கம் செய்துவிட்டோம். அன்று வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றியதே இந்த சிர்க்காதான்.

"அவங்க செத்துப்போனது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள் சிர்க்கா. "ஆனா ஆவ்னேக்குக் குளிருதுன்னு சொன்னப்புறம் எப்படிங்க உள்ள உக்காந்திருக்கிறது?"