பத்து வருச ரக்பி

“லெஸ்லி அண்ணை, மனேச்சர் என்னை ‘சிக்ஸ் நேஷன்ஸ்’ ரக்பிப் போட்டி பாக்கக் கூப்பிட்டிருக்கிறார். என்ரை புரமோஷன் அவரின்ரை கையிலைதான். எனக்கு ரக்பியிலை ஒரு இழவும் தெரியாது. பக்கத்திலை இருந்து சொல்லித் தருவியளே?”

“ஓம், வாறன். பத்து வருசமா ட்விக்கன்ஹாம் மைதானத்திலை ஒரு மட்சும் நான் விட்டதில்லை.”

நிஷாந்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சனிக்கிழமை, இங்கிலாந்துக்கும் இத்தாலிக்கும் ஆட்டம். அவர்களுக்கு நேர் பின்வரிசையில் மனேச்சர். இங்கிலாந்தின் தேசிய கீதம் தொடங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள். லெஸ்லி அண்ணையும் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார்.

“அண்ணை, என்ன செய்யிறியள்? மைதானம் அங்காலை!”

“அங்காலை பாத்தா எனக்கு ஒண்டும் விளங்காது, தம்பி. பத்து வருசமா இங்கை செக்யூரிட்டியா சனத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவன். பந்தை ஒருநாளும் கண்டதில்லை. சனத்தின்ரை முகத்தைப் பாத்தே ஆர் வெல்லுவினம் எண்டு சொல்லிப்போடுவன்.”

மனேச்சர் பாடுவதை நிறுத்திவிட்டு இருவரையும் முறைத்தார். அவர் முகம் கொதித்துச் சிவந்தது.

லெஸ்லி அண்ணை அந்த முகத்தை உற்றுப் பார்த்தார்.

“இண்டைக்கு இங்கிலாந்தின்ரை கதை முடிஞ்சுது, தம்பி.”