தளபதிக்கு ஒரு பொன்னாடை

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போலீஸ் கிடையாது. அதனால் பிடிவாரண்டையே பறக்க வைத்திருந்தார்கள். தேடப்படுபவர் மனமுவந்து வாங்கிக்கொண்டால் போதும், ஆளைத் தூக்கிவந்து கூண்டில் இறக்கிவிடும். மூன்று ஊர்களை எரித்த தளபதியோ கையை நீட்டவே மாட்டேன் என்கிறார். பிரியாணிப் பொட்டலத்தில் வைத்து அனுப்பியும் பார்த்துவிட்டாள், வாரண்ட் பிரிவு அமலி.

"டாக்டர் எனக்கு ஆறு மாசம்தான் கெடு கொடுத்திருக்கார், தங்கச்சி. ஊர் எரிஞ்சதைக் கண்ணால பார்த்த சாட்சி நான் ஒருத்தன்தான்" என்றார் இன்னாசி.

அமலி தளபதியின் வீடியோக்களைப் பார்த்தாள். ஒரே வாரத்தில் ஒன்பது பாராட்டு விழா.

"அண்ணே, யார் பொன்னாடை போர்த்தினாலும் இந்த ஆள் குனியறார்!"

மறுவாரமே பிடிவாரண்டைச் சரிகை வைத்த பொன்னாடையாக நெய்து, 'சமாதானச் செம்மல்' விழாவில் போர்த்தினார்கள். தளபதி சிரித்தபடி குனிந்தார். பொன்னாடை அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பியது. "போட்டோ எடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே மேலே போனவரை, இன்னாசியின் எதிரே கூண்டில் இறக்கிவிட்டது.