இரட்டை முடிச்சு

பாப்பாவுக்குப் பத்தொன்பது வயது. ஊரடங்கு, சிறப்புப் பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது என்றெல்லாம் சொன்னால் அவளுக்கு ஏறாது. எட்டரைக்கு வேன் வராவிட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். அதனால் அம்மாவே ஒரு வேன் செய்தாள். ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள். ஒன்று பாப்பாவுக்கு, இன்னொன்று வேனில் கூட வரும் அக்காவுக்கு. சீருடையும் ஷூவும் போட்டு உட்காரவைத்தால் ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பயணம் போவாள். அந்த நேரத்தில்தான் சமையல், குளியல் எல்லாம். குளியலறைக் கதவு மட்டும் திறந்தே இருக்கும்.

பாப்பாவுக்கு லேஸ் கட்டத் தெரியாது, இழுத்து அவிழ்க்கத்தான் தெரியும். அதற்காகவே வேன் அக்கா இரட்டை முடிச்சுப் போட்டு, நுனிகளை ஷூவுக்குள் செருகிவிடுவாள். அம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரே முடிச்சுதான்.

மூன்றாம் வாரம் ஒருநாள் பாப்பாவின் ஷூவைக் கழற்ற அம்மா குனிந்தாள். இரண்டிலும் இரட்டை முடிச்சு. நுனிகள் உள்ளே இருந்தன.

"யாரு கட்டினா பாப்பா?"

"அக்கா."

மறுநாளும் அப்படியே இருந்தது. அம்மா பள்ளிக்கூட டீச்சருக்கு போன் செய்தாள்.

"வேன் அக்காவா? உங்களுக்கு யாரும் சொல்லலையாம்மா? அவங்க தவறிப்போய்ப் பத்து நாள் ஆச்சே."

அடுத்த நாள் காலை அம்மா லேஸைக் கட்டவே இல்லை. பாப்பாவை உட்காரவைத்தாள். பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"கொஞ்சம் பாத்துக்கங்கக்கா, குளிச்சிட்டு வந்துடறேன்" என்றாள்.

பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.