ஈரமணல் முற்றுகை

கடவுச்சொல் மூன்றாவது தடவையும் தப்பு என்றது.

நாலாவது தடவை, அப்பா என்னைக் கூப்பிடும் செல்லப்பெயரை அடித்தேன். உள்ளே விட்டது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் மதிய நேரம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பில் போடும் கம்ப்யூட்டர் எனக்குக் கிடைத்தது. இன்று மூன்று மணியோடு அந்த விளையாட்டுத் தளத்தை இழுத்து மூடுகிறார்கள் என்று காலையில்தான் மெயில் வந்திருந்தது.

அங்கே ஒரு காலத்தில் எனக்கு ஒரு நாடு இருந்தது. பெயர் ஈரமணல்.

ஆளுக்கொரு நாட்டை உண்டாக்கி, சட்டம் போட்டு, சபையில் பேசி, அடுத்தவன் எல்லையில் மூக்கை நுழைத்து விளையாட வேண்டும். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், குடும்பம் குட்டி என்று இருக்கிறவர்கள். சண்டை என்று வந்தால் மட்டும் பச்சைக் குழந்தைகள்.

ஈரமணலின் கடற்கரையை வரைந்தது அப்பா. வாழ்நாளெல்லாம் குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்துக்கொண்டு ஒரு முனைக்கு 'அத்தை மூக்கு' என்று பெயர் வைத்தார். மரமே இல்லாத மலைக்கு 'சித்தப்பா தலை'. அலை ஓயாத விரிகுடாவுக்கு 'பெரியம்மா'. அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

அதை அப்படியே ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றினேன். அப்பா போன பிறகு வீடு மாறியபோது, அந்தத் தாள் பழைய பேப்பரோடு போய்விட்டது. யார் போட்டது என்று இன்றுவரை வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரும் செத்துப்போனது.

மிச்சம் இருந்தால் இங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் இருக்காது. காரணம் கொம்பன்.

பக்கத்து நாட்டுக்காரன். கொம்பன் என்பது அவன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர், அதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. சபையில் நான் வாயைத் திறந்தால் போதும், அவனுக்கு மூக்கு வியர்த்துவிடும். பாலம் என்றால் தடை. பள்ளிக்கூடம் என்றால் ஆட்சேபம்.

அப்பாவுக்கு என்னவோ அவனைப் பிடிக்கும். பல் தேய்த்த கையோடு வந்து, கொம்பன் என்ன சொல்கிறான் என்றுதான் முதலில் கேட்பார்.

அந்த விளையாட்டில் ஒரு வழக்கம். மூன்று மாதம் ஆள் வராத நாட்டை நிர்வாகி அழித்து, அங்கே நீலத்தைப் பூசிவிடுவார். கடலாகிவிடும். போரில் தோற்ற நாட்டுக்கும் அதே கதி, ஜெயித்தவனின் நிறத்தைப் பூசிவிடுவார். போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டை மட்டும் யாரும் தொடக்கூடாது.

அந்தக் கடைசிச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். தோற்கப் போகிறவன் பாதியில் ஓடிப்போய் ஜெயிப்பவனை ஏமாற்றக்கூடாது என்றேன். தாக்குகிறவனும் மாதம் ஒரு முறையாவது படையை நகர்த்த வேண்டும், இல்லையென்றால் போர் ரத்து என்றேன். கொம்பன் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டு, எதிர்த்து ஓட்டுப் போட்டான்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவனுக்கு ஒரு வரி எழுதினேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, எப்போது வருவேன் என்று தெரியாது. அவன் 'சரி' என்று மட்டும் பதில் போட்டான்.

மறுநாள் என்மேல் போர் அறிவித்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அதைப் படித்தேன். மனுஷனா இவன் என்று திட்டினேன். கட்டிலில் கிடந்த அப்பா அப்போதும் கொம்பன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். அவன் நாசமாய்ப் போகட்டும் என்றேன். அதற்குப் பிறகு நான் இந்தப் பக்கமே வரவில்லை.

காவலுக்கு ஆளில்லாத துறைமுகம். ஒரே வாரத்தில் விழுங்கி ஏப்பம் விட்டிருப்பான்.

வரைபடம் மேலிருந்து மெதுவாகத் திறந்தது.

அத்தை மூக்கு இருந்தது. சித்தப்பா தலை இருந்தது. பெரியம்மா இருந்தாள். எல்லாம் அப்பாவின் கையெழுத்தில், சற்றே வலப்பக்கம் சாய்ந்து.

துறைமுகத்துக்கு வெளியே கொம்பனின் கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன.

கப்பல் போன தடத்தை வரைபடம் புள்ளி வைத்துக் காட்டும். ஒரு கட்டம் முன்னால், ஒரு கட்டம் பின்னால். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். அந்த இரண்டு கட்டங்களிலும் புள்ளிமேல் புள்ளி விழுந்து கறுத்துப்போயிருந்தது.

அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஆள் உள்ளேதான் இருந்தான்.

பழைய கோபமா, என்ன எழவோ, கை துறுதுறுத்தது. இத்தனை வருஷமாக ஒரு காலித் துறைமுகத்தைப் பிடிக்கத் துப்பில்லையா என்று கேட்டேன்.

"பிடிச்சிட்டா போர் முடிஞ்சிடுமே" என்று பதில் வந்தது.

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

வரைபடத்தைப் பெரிதாக்கி, கட்டம் கட்டமாகப் படம் பிடித்து எனக்கே அனுப்பினேன். ஒன்றுக்கு இரண்டு தடவை. எல்லாம் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. மூன்று மணி ஆகப்போகிறது.

நன்றி என்று அடித்து அழித்தேன். வேறு என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தபோதே அடுத்த வரி வந்துவிட்டது.

"அப்பா எப்படி இருக்கார்?"

இத்தனை வருஷமும் அவனைப் பொறுத்தவரை அப்பா ஆஸ்பத்திரியில்தான் இருந்திருக்கிறார்.

நல்லா இருக்கார் என்று அடித்தேன். உன்னைக் கேட்டார் என்றும் அடித்தேன்.

இரண்டாவது பொய்யில்லை.