ஊதாக்கல் மோதிரமும் ஒன்பது கிண்ணமும்

ஒன்பதாவது கிண்ணத்தில் தெமோபோனுக்கு நாக்குக் குழற ஆரம்பித்தது. எதிர்க் கட்டிலில் சாய்ந்திருந்த லைக்கோனுக்கோ தலைகூடச் சுற்றவில்லை.

எப்படிச் சுற்றும்? இரண்டு ஆட்டுக்கடாவைக் கொடுத்து வாங்கிய செவ்வந்திக்கல் மோதிரம் விரலில் இருக்கிறதே! இந்த ஊதாக்கல்லைப் போட்டவனுக்கு மதுக் கடவுளே வந்து ஊற்றினாலும் போதை ஏறாது என்று துறைமுக வியாபாரி சத்தியம் செய்திருந்தான்.

கொரிந்து நகரில் பெண் கேட்டு வருகிறவனுக்கு ஊற்றிக் கொடுத்துத்தான் ஆழம் பார்ப்பார்கள். குடித்தவன் வாயில் பொய் தங்காதாம். லைக்கோனிடம் இருந்தது ஒரே ஒரு ரகசியம். போன வருடச் சண்டையில் கேடயத்தை வீசிவிட்டு ஓடி வந்தவன் அவன். அது வெளியே வந்தால் தெமோபோனின் மகள் மிர்ட்டோ கிடைக்க மாட்டாள். திருவிழா ஊர்வலத்தில் அவளைப் பார்த்த நாளிலிருந்து பையனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வாசலில் கைகொடுக்கும்போதே தெமோபோன் மோதிரத்தை உற்றுப் பார்த்தார். அருமையான கல் என்று மெச்சிவிட்டு, ஆளுக்கொரு ஜாடி கொண்டுவரச் சொன்னார்.

அப்புறம் ஒரே கேள்விமயம்தான். நிலம் எவ்வளவு, கோபம் வருமா, சண்டையில் எந்த வரிசையில் நின்றாய் என்று துருவித் துருவிக் கேட்டார். லைக்கோன் எல்லாவற்றுக்கும் அளந்து பதில் சொன்னான். சிந்திய மதுவில் அவன் அங்கியெல்லாம் சிவப்புக் கறை. மடமடவென்று குடித்த பெரியவரின் வெள்ளைத் தாடி மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

திடீரென்று அவர் விசும்பினார்.

"உங்கிட்ட மறைக்க மனசு வரல மாப்பிள்ளை. ஊருக்குத்தான் நான் வீரன். வாலிபத்துல கேடயத்தைத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்த பய நான்."

லைக்கோனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. மாப்பிள்ளை என்றே கூப்பிட்டுவிட்டார், போதாததற்கு நம்ம கட்சி வேறு! ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டான்.

"அழாதீங்க மாமா. நானும் அப்படித்தான். போன வருஷம் நான் போட்ட கேடயம் இன்னும் அந்த ஆத்தங்கரையிலதான் கிடக்கும்."

பெரியவரின் விசும்பல் நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்து, தன் தோளில் கிடந்த அவன் கையை எடுத்துக் கீழே விட்டார். பேச்சில் துளி குழறல் இல்லை.

"நான் குடிச்சது பூராவும் கிணத்துத் தண்ணி, தம்பி."